நீலப் பெட்டியில் இரண்டு பாட்டில்

“...தொறந்து காட்டிட்டுப் போய்க்கினே இரு, யாரு இன்னா சொல்லப் போறாங்க? ஊசின்றே, மருந்துன்றே. அப்போ அந்தப் பொட்டிய இன்னாத்துக்குப் பொறந்த புள்ளையாட்டம் மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சிக்கினு இருக்கே?”

வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டவர் ஒரு அக்கா. ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோலை மெஷினில் தைக்கிற வேலை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி மூடி அன்றைக்கு ஒன்பதாவது நாள். அட்டையை மட்டும் அவர் கழற்றவில்லை.

வண்டியைச் சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள். முன்னால், ஏரிக் கால்வாயின் சின்னப் பாலத்தின்மேல், ஒரு பழைய மர டிரம்மை உருட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் தோலையும் மருந்தையும் உள்ளே போட்டுச் சுற்றவிடுகிற டிரம், ஆள் உயரத்தைவிடப் பெரியது. நாங்கள் பாலத்தருகே வந்ததும், பின்னால் ஒரு டயர் வண்டியைக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கள் மருத்துவ வண்டி. உள்ளே நர்ஸ் சிஸ்டரும் நானும். என் மடியில் நீலப் பெட்டி.

பெட்டிக்குள் ஓர் ஊசி மருந்து இருந்தது. அது உண்மை. அந்த ஊசி, என்னைக் கேள்வி கேட்ட அதே அக்காவின் மருமகளுக்கு. அதுவும் உண்மை, அக்காவுக்கும் அது தெரியும். ஊசிக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருந்தது. அதைத்தான் நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் வண்டி ஓட்டுகிறேன். பதினாலு வருடமாக வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பஸ் நிற்காத ஊர்களாகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். படித்தது எட்டாவது வரை. மற்றதெல்லாம் வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள் சொல்லிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் யாரும் வெறுமனே முட்டி வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள். களை பறிக்கப் போகிற ஒரு அம்மா, “முட்டிக்குள்ள யாரோ உக்காந்துக்கினு கல்லுப்பு அரைக்கிறாப்ல இருக்குப்பா” என்றார். சுண்ணாம்புக் குழியில் இருபது வருடம் தோல் அலசிய ஒரு பாய், “கை இருக்குது டிரைவரு, ஆனா அது என்னுதாட்டம் இல்ல. எவன்கிட்டயோ இரவல் வாங்கி மாட்டினாப்ல இருக்கு” என்றார். டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் எழுதினார். எனக்கு என்னவோ பாய் சொன்னதே போதும் போலிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் நிறுவனமும் சுகாதாரத் துறையும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. வண்டியும் டீசலும் டிரைவரும் எங்களுடையது. மருந்தும் நர்ஸும் பதிவேடும் அரசாங்கத்துடையது. காரணம் எளிது. ஏரிக்கரை ரோட்டில் இருக்கும் இரண்டு ஊருக்குள்ளும் அரசாங்க ஜீப் போக முடியவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் விவசாயிகள். அந்தப் பக்கம் தோல் வேலை செய்கிறவர்களின் காலனி. தோல் ஷாப்புக் கழிவு கலந்து ஏரித் தண்ணீர் நிறம் மாறி, மதகில் நுரை கட்டி நின்றதிலிருந்து இரண்டு ஊருக்கும் ஆகவில்லை. இவர்கள் லாரியை மறிப்பார்கள். அவர்கள் டிராக்டரை மறிப்பார்கள். ஒரு நாள் பாலத்தின்மேல் கல்லெறிந்துகொண்டு, இரண்டு தரப்பிலும் மண்டை உடைந்து, இரண்டு பேரும் கட்டுப் போட என் வண்டிக்கே வந்தார்கள். ஒருவர் இடது பெஞ்சு, ஒருவர் வலது பெஞ்சு. இருவரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர், “பஞ்ச எல்லாம் எனக்கே வெச்சுடாத சிஸ்டர். அவனுக்கும் கொஞ்சம் வை, நல்லா ஒடைஞ்சிருக்குது” என்றார். அடித்தவருக்குத்தானே அடி எவ்வளவு என்று தெரியும்.

அப்படி இருந்த வண்டி அது. ஒப்பந்தம் ஆனதும் கதவில் அரசு முத்திரை ஒட்டினார்கள். வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்தேன். “ஒப்பந்தத்துலயே இருக்குப்பா” என்றார்கள். நிறுவனத்தில் எனக்குச் சொல்லியிருந்த கட்டளைகள் மூன்றுதான். வண்டிக்குள் ஏரியைப் பற்றிப் பேசக் கூடாது. எந்த ஊர்க் கூட்டத்திலும் போய் நிற்கக் கூடாது. ஒரு ஊருக்காக எந்தப் பொருளையும் ஏற்றக் கூடாது. மூன்றையும் நான் காப்பாற்றி வந்தேன், அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தார்கள். ஏரியில் தண்ணீர் மொண்டு பாட்டிலில் அடைத்து, ஐஸ் வைத்த பெட்டியில் எடுத்துப் போனார்கள். நீலப் பெட்டி, வெள்ளை மூடி, தோளில் மாட்டிக்கொள்ள பட்டை. பன்னிரண்டாம் நாள் தோல் ஷாப்புகளின் கதவில் சீல் விழுந்தது. தோல் வராததால் ஷூ கம்பெனியும் மூடியது. எங்கள் வண்டியில் தடுப்பூசி கொண்டுபோகிற பெட்டியும் நீலம்தான், மூடியும் வெள்ளைதான், பட்டையும் அதே பட்டைதான். இது எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. காலனிக்காரர்களுக்கு மட்டும் எட்டியது. அவர்களுக்கு நீலப் பெட்டி என்றால் சீல்.

இப்போது ஊசியின் கதை. அக்காவின் மருமகளுக்குத் திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் ஆயிற்று. தலைச்சன் பிள்ளை, பெண். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை. பிள்ளையின் ரத்தம் என்ன வகை என்று தெரிவதற்குள், ரோட்டை அடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, புருஷன்காரன் இருவரையும் ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போய்விட்டான். புதன் சாயங்காலம் முடிவு வந்தது. பிள்ளை பாசிட்டிவ்.

சிஸ்டர் எனக்கு விளக்கியது இதுதான். இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தாயின் உடம்பு இந்த ரத்தத்தை எதிரியாக நினைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்து வயிற்றில் வருகிற பிள்ளையை அது விடாது. அந்த ஞாபகம் பதியாமல் இருக்க ஓர் ஊசி உண்டு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதாவது, வியாழன் மதியம் ஒரு மணிக்குள்.

“ஒரு மணி தாண்டிப் போனா?” என்று கேட்டேன்.

“தாண்டினாலும் போடத்தான் போடுவேன். ஆனா அத நம்பிக்கினு அந்தப் பொண்ணு அடுத்ததுக்கு நிம்மதியா இருக்க முடியாதுண்ணா.”

ஊசி வேலூரிலிருந்து வியாழன் காலை வந்து சேர்ந்தது. குளிரில் வைத்தே கொண்டுபோக வேண்டிய மருந்து. ஐஸ் பாக்கெட்டுகளை அடுக்கி, நடுவில் ஊசியை வைத்துப் பெட்டியை என்னிடம் கொடுத்தார் சிஸ்டர். வழியில் விவசாயிகளின் ஊரில், படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குப் புண்ணைக் கழுவிக் கட்டப் பத்து நிமிடம் இறங்கினார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கிணற்றுக்காரர் வந்தார்.

அவருக்கு ஏரிக்கரையோரம் ஒரு கிணறும் கொஞ்சம் தென்னையும் உண்டு. ஐந்தாறு வருடம் முன்னால் மழையில் என் வண்டி சேற்றில் புதைந்தபோது, லுங்கியோடு வந்து டிராக்டரில் கட்டி இழுத்துவிட்டவர். டீ குடிக்கக்கூட வராமல் போனவர். துண்டில் சுற்றிய இரண்டு பாட்டிலை என் பக்கத்தில் வைத்தார். நீல மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள். மேலே வெள்ளைப் பட்டை ஒட்டி, பேனாவால் ‘கிணறு’ என்று எழுதியிருந்தார்.

“ஆபீசருங்க ஏரியில மொண்டுக்கினு போய்ட்டாங்க. என் கெணத்த எட்டிக்கூடப் பாக்கல. ஆறு மாசமா எங்க வூட்ல சோறு பொங்குறதே இந்தத் தண்ணியிலதான். லேப்புக்கு நானே போனேன். தனி ஆளு கொண்டாந்தா வாங்க மாட்டோம், ஆஸ்பத்திரி வண்டியில ஐஸ் வெச்சு வந்தா வாங்குவோம்னாங்க. உன் வண்டிலதான் முத்திரை போட்டிருக்குதே.”

“அண்ணே, எங்களுக்கு அப்படி ஏத்தக் கூடாதுண்ணே.”

“நான் எவன் மேலயும் கேஸ் போடப் போறதில்லப்பா. குடிக்கலாமா கூடாதா? அத ஒருத்தன் வாயத் தொறந்து சொன்னாப் போதும் எனக்கு.”

அந்தக் கேள்வியை நான் எப்படி வேண்டாம் என்று தள்ளுவது? சிஸ்டர் வருவதற்குள் பெட்டியைத் திறந்தேன். இரண்டு ஐஸ் பாக்கெட்டை நகர்த்திப் பாட்டில்களைச் செருகினேன். மருந்தைத் தவிர வேறு எதையும் அந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது என்று சிஸ்டர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! ஆனால் மருந்துப் பெட்டியை எவன் திறந்து பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

படிக்கிறவர்களைக் காக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்த லேபுக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு வாரம் கழித்து அவரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார். “சரி” என்றார். இப்போதும் பிரஷர் மாத்திரைக்கு வண்டிக்கு வருகிறார். அட்டையை சிஸ்டரிடம் நீட்டுகிறார். என் பக்கம் திரும்புவதில்லை.

பாலத்துக்கு வருகிறேன். பத்தேகாலுக்கு மாட்டினோம். பதினொன்றேகால் வரை வாக்குவாதம். வண்டியின் தகரக் கூரை சுட்டது. இறங்கினால் பெட்டியைப் பிடுங்குவார்கள். பின்னால் எடுத்தால் டயர் வண்டி. முன்னால் டிரம். வேப்ப மரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் வேறு எதையோ பார்த்தார்கள். சிஸ்டர் டாக்டருக்குப் போன் செய்தார். “போலீஸ் பாதுகாப்போட கூட்டிட்டுப் போகச் சொல்லட்டுமா?” என்று டாக்டர் கேட்டது எனக்கே கேட்டது. நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். போலீஸ் கூட்டிப் போன வண்டி, அடுத்த வாரம் அந்தக் காலனிக்குள் எப்படிப் போகும்? எங்கள் ஆபீசுக்குப் பேசினேன். “நாம யாருக்கும் சார்பு இல்லைன்னு எடுத்துச் சொல்லுப்பா” என்றார் மேடம். நாம யாருக்கும் சார்பு இல்லை. தொடையில் ஐஸின் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் முன்னால் நின்றவர் அந்தக் கை மரத்த பாய்தான். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“முன்னெல்லாம் வெள்ளையா இருந்துச்சு வண்டி. இப்போ பாரு, கதவுல பொட்டு வெச்சுக்கினு வந்துருக்கான்.”

“கவர்மெண்டு மாப்ள ஆய்ட்டான் பாய்!” என்றது ஒரு குரல்.

“சீர்வரிசைல வந்ததுதான் அந்தப் பொட்டியா டிரைவரு?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. இவர்கள் ஒவ்வொருவருக்கும் எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இவர்களிடம் பொய் சொல்ல வேண்டிய இடத்தில் நான் எப்படி வந்து உட்கார்ந்தேன்?

“பாய், நீங்களே சொல்லுங்க, என்னைக்காவது உங்களுக்குக் கெடுதல் நெனச்சிருக்கேனா?”

“நீ நெனைக்க மாட்டே தோஸ்த். பொட்டி நெனைச்சா?” என்றார். சிரிப்பு நின்றுபோனது. “போன தடவ வந்த பொட்டியும் பாக்க ரொம்ப சாதுவாத்தான் இருந்துச்சு. அதனாலதான் நாங்க இங்க பேஜாராகி நிக்கிறோம்.”

சிஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. “இதுக்கு இன்னாண்ணா இவ்ளோ நேரம்? தொறந்து காட்டிட்டா முடிஞ்சது,” என்று பெட்டியின் கொக்கியில் கை வைத்தார். நான் அவர் கைமேல் என் கையை வைத்து அமுக்கினேன்.

“சூடு ஏறிடும் சிஸ்டர்.”

ஒரு நிமிடம் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கொக்கியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அந்த அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்போதுதான் இந்தக் கதையின் முதல் வரியில் நான் எழுதியதைக் கேட்டார். நான் பெட்டியை இன்னும் மடியோடு இழுத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வழி சொன்னார்.

“சரி, பொட்டிய எடுத்துக்கினு உள்ள வர வேணாம். ஊசிய மட்டும் எடுத்து என் கையில குடு. சிஸ்டர் என்கூட நடந்து வரட்டும். பொட்டி, வண்டி, நீ, மூணும் இங்கயே இருங்க. எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க.”

“கரெக்ட்டு!” என்றார்கள் சுற்றி நின்றவர்கள். நியாயமான வழிதான். யாருக்கும் நஷ்டமில்லாத வழி. ஆனால் ஊசியை எடுக்க மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த இரண்டு நீல மூடிகள். அதைப் பார்த்த பிறகு இந்த வண்டி இந்தக் காலனிக்குள் ஒரு நாளும் நுழைய முடியாது. இங்கே மாதம் தவறாமல் ஊசிக்கு வருகிற பிள்ளைகள், சர்க்கரைக்காரர்கள், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் நான்கு பெண்கள், எல்லோர் முகமும் வந்து போனது. திறக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி தாண்டிவிடும். மணி அப்போது பதினொன்று ஐம்பது.

நான் குனிந்து சிஸ்டர் காதில் சொன்னேன். “உள்ள ரெண்டு பாட்டில் தண்ணி இருக்குது சிஸ்டர். கெணத்துத் தண்ணி. நான்தான் வெச்சேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “பாவிண்ணா நீ,” என்றார், உதடு அசையாமல். “இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கே.”

எங்கள் வண்டியில் ஒரு பச்சைத் திரை உண்டு. கர்ப்பிணிகளைப் பார்க்கும்போது சிஸ்டர் அதை இழுத்து விடுவார். திரை விழுந்துவிட்டால் அதன் பக்கத்தில் ஆண் யாரும் வரமாட்டார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூடப் பத்தடி தள்ளி நின்று, “அம்மா, ஆய்டுச்சா?” என்று கேட்பான். எந்தச் சுவரிலும் எழுதிப் போடாத சட்டம் அது. இந்தப் பதினாலு வருடத்தில் யாரும் மீறியதில்லை. சிஸ்டர் கண்ணைத் திறந்து அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்.

“அக்கா, நீங்க மட்டும் உள்ள வாங்க. ஊசி போட்டதுக்கப்புறம் மருமகளுக்கு இன்னா இன்னா பாக்கணும்னு சொல்லணும், அது பொம்பளைங்க சமாச்சாரம். பொட்டியையும் நீங்களே தொறந்து பாத்துக்குங்க. நீங்க பாத்தாப் போதுமா இவங்களுக்கு?”

“அக்கா பாத்தா நாங்க பாத்தாப்ல,” என்றார் பாய்.

நானும் ஆண்தான். பெட்டியை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். அக்கா செருப்பைப் படியருகே கழற்றிவிட்டு ஏறினார். வண்டிக்குள் செருப்போடு வரக் கூடாது என்று நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை, அவர்களாகவே கழற்றிவிடுவார்கள். திரை விழுந்தது.

நாற்பது பேருக்கு நடுவில் நான் நின்றேன். பாய் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். எனக்கு வாங்கக் கை வரவில்லை. “குடி டிரைவரு, கேன் தண்ணிதான். எங்க ஊட்டுக் கொழாத் தண்ணிய நாங்களே குடிக்கிறதில்ல,” என்றார். குடித்தேன். உள்ளே மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் படியருகே கிடந்த அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடது செருப்பின் வாரை அவரே தைத்திருக்க வேண்டும். கம்பெனித் தையல், வரிசை பிசகாமல் இருந்தது.

உள்ளே நடந்ததைப் பிறகு சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். அக்கா மூடியைத் திறந்தார். பாட்டில்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார், பட்டையில் எழுதியிருந்ததைப் படித்தார், மூடியைத் திருகி மோந்து பார்த்தார். திரும்ப மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். ஐஸ் இன்னும் கல்லாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “மணி இன்னா ஆவுது?” என்று மட்டும் கேட்டாராம்.

திரை விலகியது. அக்கா இறங்கி, ஒரு செருப்பை மாட்டினார். இன்னொரு செருப்பை மாட்டினார். நிதானமாக மாட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

“ஊசிதான். ஐஸு. வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பாத்தியாக்கா?” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

“ஏன்டா, பதினெட்டு வருசமா அப்பர் தைக்கிறேன், ஒரு தையல் விட்டுப்போனா என் கண்ணுக்குத் தெரியுது. பொட்டிக்குள்ள இருக்கிறது தெரியாதா எனக்கு? உருட்டுங்கடா அந்த டிரம்ம!”

எட்டுப் பேர் சேர்ந்து டிரம்மை உருட்டினார்கள். பாய் வழிவிட்டு நின்று, “மன்னிச்சுக்கோ மாப்ள,” என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். மூடியின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் மருமகள் பாயில் படுத்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பிள்ளை பக்கத்தில் துணிச் சுருளாகக் கிடந்தது. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு சிஸ்டர் ஊசி போட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

“இது இன்னாத்துக்கு சிஸ்டர்?” என்று அந்தப் பெண் கேட்பது காதில் விழுந்தது.

“அடுத்த கொழந்த நல்லா இருக்கணும்னும்மா.”

“ஐய, இதையே இன்னும் நான் சரியாப் பாக்கல. அதுக்குள்ள அடுத்ததுக்கு ஏற்பாடு பண்றீங்களா?”

சிஸ்டர் சிரித்தார். திண்டாட்டம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி வீட்டுப் பின்பக்கம் போனார். “வா,” என்றார். போனேன். துணி துவைக்கிற கல்லின்மேல் பெட்டியை வைத்துத் திறந்து, இரண்டு பாட்டிலையும் எடுத்து வெளியே நிறுத்தினார்.

“யாரு கெணறு?”

சொல்லவில்லை.

“சொல்லாத. நல்லதுதான்.” பாட்டிலைத் திருப்பிப் பட்டையைப் பார்த்தார். “குடிக்கிறதுக்கா கேக்குறாங்க?”

“ஆமாக்கா. குடிக்கலாமான்னுதான் கேக்குறாரு. வேற ஒண்ணும் இல்ல. கேஸெல்லாம் இல்ல.”

“மோந்து பாத்தேன். எங்க கொழாயிலயும் இதே வாடைதான் வருது. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?”

“அப்புறம் ஏன்க்கா...”

“தெரிஞ்சதாலதான். லேப்ல ஒரு காகிதம் குடுப்பான். அவரு அத மடிச்சு ஜோபில வெச்சுக்குவாருன்றியா? நாலு பேரு கேப்பாங்க, குடுப்பாரு. ஏரிக்கே ஒன்பது நாளா மூடிக் கெடக்குது. கெணறும் சேந்தா எங்க கம்பெனி இனிமே தொறக்குமா? எம் மருமகளுக்குப் பால் ஊற நான் இன்னா வாங்கிக் குடுப்பேன்?” குரலை உயர்த்தாமல்தான் பேசினார். “நீ என் புள்ளைக்கு ஊசி கொண்டாந்தே. அதுக்கு உன்ன அங்க காப்பாத்திட்டேன். இது வேற.”

நான் குறுக்கே கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. எந்த உரிமையில் நீட்டுவேன்? பாலத்தில் அவர் சொன்ன பொய்யின்மேல்தானே நான் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா முதல் பாட்டிலைத் திறந்து சாக்கடையில் கவிழ்த்தார். இரண்டாவதையும் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் உதறினார். சரி, வெறும் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பப் போகிறார், அதைக் கொண்டுபோய் கிணற்றுக்காரரிடம் என்னவென்று சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சமையலறைக்குள் போனார். அங்கே மருமகளுக்கென்று வாங்கி வைத்திருந்த தண்ணீர் கேன், இன்னும் பாதி கூடக் காலியாகவில்லை. அதைச் சாய்த்து இரண்டு பாட்டிலையும் ஒரு முறை அலசினார். பிறகு கழுத்து வரைக்கும் நிரப்பினார்.

“அக்கா, வேணாங்கா. லேப்ல இதப் பாத்துட்டு நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துடுவான்.”

“வெறும் பாட்டிலோட போனா உன்னத்தான் கேப்பாங்க. பாவம், நீ இன்னா பண்ணுவே?” என்றார், நிஜமான கரிசனத்தோடு. மூடிகளை இறுகத் திருகினார். ‘கிணறு’ என்று எழுதியிருந்த பட்டை ஈரத்தில் ஒரு ஓரம் கிளம்பியிருந்தது. கட்டை விரலால் நீவி ஒட்டினார். முந்தானையால் பாட்டில்களைத் துடைத்து, பெட்டிக்குள் முன்பு இருந்த அதே இடத்தில், ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து, மூடிக் கொக்கியைப் போட்டார். பட்டையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டி வரைக்கும் அவரே தூக்கி வந்து, என் பக்கத்து சீட்டில் ஆடாமல் நிற்கும்படி வைத்துவிட்டு, ஏறும்போது படியருகே கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தார்.